வண்டி சந்துக்குள் வருவதில்லை, குப்பையெல்லாம் என் வீட்டுச் சுவரோரம். என்ன வழி?

முனைவீட்டுக்காரி எழுதியது:

வணக்கம். சென்னைப் புறநகரில் ஒரு நகராட்சி. பேர் வேண்டாம். கவுன்சிலர் வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது, நாளைக்கும் காய்கறிக் கடையில் அந்தம்மா முகத்தில் முழிக்க வேண்டும்.

எங்கள் தெரு முட்டுச்சந்து. அதன் முனையில் இருப்பது எங்கள் வீடு. முன்பெல்லாம் எதிரே டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் சக்கரம் வைத்த பெரிய பச்சைத் தொட்டி ஒன்று நிற்கும். நாறும், நாய் கிளறும், மூடி எந்நேரமும் திறந்தே கிடக்கும். ஆனாலும் குப்பை அதற்குள் இருந்தது. ஒரு நாள் லாரி வந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இனிமேல் இது தொட்டி இல்லா வார்டு, வீடு வீடாக வந்து வாங்கிக்கொள்வோம் என்று பேனர் கட்டினார்கள். தொட்டி போனது, பழக்கம் போகவில்லை. தொட்டி நின்ற இடத்துக்கு நேர் எதிரே என் காம்பவுண்டுச் சுவர். இப்போது அதுதான் தொட்டி.

பேட்டரி வண்டி வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பாட்டுப் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டில் வரும். எங்கள் சந்துக்குள் மட்டும் வராது. உள்ளே கார்கள் நிற்கின்றன, திருப்ப இடமில்லை, ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும் என்கிறார் ஓட்டுகிறவர். அது நியாயம்தான். வருகிற நேரமாவது ஒரே நேரமா என்றால் அதுவும் கிடையாது. ஒரு நாள் ஆறரை, ஒரு நாள் பத்தரை. உள்ளே குடியிருப்பவர்களில் பாதிப் பேர் எட்டு மணிக்குள் வேலைக்குக் கிளம்புகிறவர்கள். பாட்டுச் சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் வண்டி அடுத்த தெருவில் பாடிக்கொண்டிருக்கும். முடிச்சுப் போட்ட பையோடு திரும்ப மாடி ஏற யாருக்கு மனசு வரும்? போகிற போக்கில் பைக்கை நிறுத்தாமலே என் சுவரோரம் வீசிவிட்டுப் போகிறார்கள். பகலில் பார்த்தால், ‘ஆன்ட்டி, இன்னிக்கு வண்டி வந்துச்சா?’ என்று மரியாதையாகக் கேட்கிற பிள்ளைகள்தான் இவர்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. ‘இங்கே குப்பை கொட்டாதீர்’ என்று சுவரில் எழுதி வைத்தோம். அந்த எழுத்துக்கு நேர் கீழே கொண்டுவந்து கொட்டினார்கள். அப்புறம் என் வீட்டுக்காரர் சாமி பட டைல்ஸ் வாங்கி ஒட்டினார். பிள்ளையார், மாதா, மசூதி மூன்றும் வரிசையாக, யாரும் விட்டுப்போகாமல். ஒன்றுக்கு இருப்பது நின்றது. குப்பை நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளையாருக்கு முன்னால் பிரியாணி டப்பாவும் எலும்பும் கிடப்பதைப் பார்த்து என் மாமியார் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

நகராட்சி செயலியில் புகார் போட்டேன். இதைப் பாராட்டத்தான் வேண்டும், மறுநாளே ஆட்கள் வந்து அள்ளி, பிளீச்சிங் பவுடர் தூவி, அந்த இடத்தில் கலர்ப் பொடியில் பெரிய கோலமும் போட்டு, ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ‘தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது’ என்று குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. கோலம் இருந்தால் குப்பை போடக் கூசுவார்களாம். விடிந்து பார்த்தால் கோலத்தின் நடுவில், தாமரைக்கு மேலேயே, ஒரு டயப்பர் பொட்டலம். மறுபடி புகார், மறுபடி கோலம். போடுகிற அந்தப் பெண்ணுக்கு நல்ல கை. கோடு ஒன்றுகூட நெளியாது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எங்கள் வீட்டில் மக்கும் குப்பை தனி, மக்காதது தனி என்று இரண்டு வாளி வைத்திருக்கிறேன். மெயின் ரோடு வரை நடந்துபோய்க் கொடுக்கவும் செய்கிறேன். வண்டியில் பச்சை டிரம், நீல டிரம் என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் அவர் என் இரண்டு வாளியையும் ஒரே டிரம்மில் கவிழ்த்தார். ‘ஏம்ப்பா?’ என்றேன். ‘அங்க போனா எல்லாம் ஒண்ணாத்தாம்மா கொட்டறாங்க’ என்றார்.

அப்படியென்றால் நான் எதற்கு மெனக்கெட்டுப் பிரிக்கிறேன்? வண்டியை சந்துக்குள் வரவைக்க வழி உண்டா? சுவரோரக் குப்பையை நிறுத்தியவர்கள் யாராவது இருந்தால் எப்படி நிறுத்தினீர்கள் என்று சொல்லுங்கள். சிசிடிவி போடு என்று மட்டும் சொல்லாதீர்கள். போட்டாயிற்று. ஹெல்மெட் போட்ட தலைகள் நிறையப் பதிவாகியிருக்கின்றன.

---

குரோம்பேட்டைக் குமார் எழுதியது:

எங்கள் தெருவிலும் இதே கதைதான். நாங்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் கூட்டி வைத்துக் கொளுத்திவிடுகிறோம். அரை மணி நேரத்தில் இடம் சுத்தம். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

---

பழைய சூபர்வைசர் எழுதியது:

மேடம், நான் ஒரு குப்பை ஒப்பந்தக் கம்பெனியில் சூபர்வைசராக இருந்துவிட்டு வெளியே வந்தவன். உங்கள் ஊர் இல்லை. அதனால் தைரியமாகவே சொல்கிறேன்.

முதலில் கொளுத்துகிற குமார் சாருக்கு. திறந்தவெளியில் குப்பையை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. அபராதத்தை விடுங்கள், பிடிக்கிறவர்கள் குறைவுதான். பால் கவர், டயப்பர், பழைய பி.வி.சி. பைப் எல்லாம் சேர்ந்து எரியும்போது வருகிற புகையில் டயாக்சின் என்கிற நச்சு இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் சுவாசிக்கிறார்கள். விட்டுவிடுங்கள் சார்.

இப்போது மேடம் கேட்டதற்கு வருகிறேன். வண்டிக்காரர் சொன்னது பாதி நிஜம். அவர் வண்டியிலிருந்து குப்பை நேராகக் கிடங்குக்குப் போவதில்லை. முதலில் வண்டி மாற்றி ஏற்றுகிற ஓர் இடம். அங்கே அழுத்தும் லாரி நிற்கும். பெரும்பாலான ஊர்களில் அந்த லாரிக்கு ஒரே வயிறுதான். அதில் போட்டு அழுத்தியபின் உங்கள் வாழைப்பழத் தோலையும் அமேசான் அட்டைப்பெட்டியையும் யாராலும் பிரிக்க முடியாது. ஒப்பந்தம் டன் கணக்கில் பணம் தருவதாக இருந்தால் எடை மேடையில் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு லாபம். பிரித்த குப்பைக்குத் தனி ரேட் கிடையாது. ஈரம் சேர்ந்தால் எடை கூடும், கட்டட இடிபாடு கலந்தால் இன்னும் கூடும். உங்கள் ஊர் ஒப்பந்தம் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கும்.

மீதிப் பாதி என்னவென்றால், வண்டியில் பக்கவாட்டில் ஒரு சாக்கு தொங்குமே, பார்த்திருக்கிறீர்களா? அதுதான் எங்கள் ஊழியர்களின் உண்மையான நீல டிரம். தண்ணீர் பாட்டில், அட்டை, இரும்பு, பால் கவர், இவை எல்லாம் அந்தச் சாக்குக்குப் போய், மதியம் காயலான் கடைக்குப் போகும். அவர்கள் சம்பளத்துக்கு அந்தக் காசு பெரிய காசு. சாம்பார் ஊறிய அட்டைக்குக் கடையில் விலை கிடையாது. அதனால் நீங்கள் பிரிப்பது வீண் இல்லை. நகராட்சி பயன்படுத்திக்கொள்ளாவிட்டாலும் வண்டிக்காரர் பயன்படுத்திக்கொள்கிறார். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே மாதிரிப் பல அடுக்கு பிளாஸ்டிக்கை மட்டும் எந்தக் காயலான் கடையும் வாங்காது. அதைத் தனியாகக் கட்டிக் கொடுத்தாலும் டிரம்முக்குத்தான் போகும், அதற்கு வருத்தப்படாதீர்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டில் யாருக்காவது இன்சுலின் ஊசி உண்டா? ஊசியையும் உடைந்த கண்ணாடியையும் கவரில் போட்டுக் கட்டாதீர்கள். கெட்டியான பாட்டிலில் போட்டு மூடி இறுக்கிக் கொடுங்கள். என்னிடம் வேலை பார்த்த ஒரு அம்மா பையைக் கையால் அமுக்கி டிரம்மில் திணிக்கும்போது ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது. யார் ஊசி, என்ன நோய், எதுவும் தெரியாது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை என்று மாதக் கணக்கில் டெஸ்ட் எடுத்துக்கொண்டே இருந்தார். கையுறை கொடுத்தோமே என்பார்கள். அந்தக் கையுறையைப் போட்டால் முடிச்சு அவிழ்க்க வராது, வெயிலில் உள்ளே வியர்த்து வழுக்கும். யாரும் போடுவதில்லை.

டயப்பர், நாப்கினை நன்றாகச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்பது 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. காசு செலவில்லாத வேலை, செய்துவிடுங்கள்.

வண்டி சந்துக்குள் வராததற்குக் காரணம் கார் மட்டும் இல்லை. ஒரு ஆளுக்கு ஒதுக்கிய தெருக்களை பீட் என்போம், அன்றன்றைக்கு யாராவது லீவு போட்டால் இரண்டு பீட்டை ஒரே ஆள் பார்ப்பார். அப்போது முதலில் விடுபடுவது முட்டுச்சந்துதான். ஆறரை, பத்தரை என்று நேரம் மாறுவதற்கும் அதுவே காரணம். ஆறரைக்கு வரும் நாள் உங்கள் பீட்டின் ஆள் வந்த நாள். பத்தரை என்றால் பக்கத்துப் பீட்டுக்காரர் தன் வேலையை முடித்துவிட்டு வருகிறார்.

---

வரிகட்டுபவன் எழுதியது:

சொத்து வரி கட்டுகிறோம், அதில் குப்பைக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். நாம் ஏன் காயலான் கடைக்குப் பாட்டில் கழுவிக் கொடுக்க வேண்டும்? வேலை செய்யாதவனைத் தூக்கிவிட்டு வேறு கம்பெனிக்குக் கொடுத்தால் தானாகச் சரியாகும்.

---

பழைய சூபர்வைசர் எழுதியது:

கம்பெனி மாறும் சார், ஆள் மாறாது. அதே அம்மா, அதே வண்டி, சட்டை கலர் மட்டும் வேறு. சம்பளம் குறைந்தாலும் குறையும். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தார்களே, வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே என்பதுதான் அவர்கள் கேட்டது. அந்தப் பதிமூன்றாம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களைத் தூக்கியது. நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

---

பாலக்காட்டு மருமகள் எழுதியது:

அக்கா, நான் பிறந்தது திருச்சி, வாக்கப்பட்டது பாலக்காட்டுப் பக்கம் ஒரு கிராமம். இங்கே வந்த புதிதில் சமையலறைக் குப்பையை வாங்க யாரும் வரவே மாட்டார்கள் என்று கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. நிஜமாகவே வருவதில்லை. ஹரித கர்ம சேனை என்று பெண்கள் குழு ஒன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும். மக்காத குப்பை மட்டும்தான் எடுப்பார்கள், அதுவும் கழுவிக் காயவைத்திருந்தால் மட்டும். எங்கள் பஞ்சாயத்தில் மாதம் 50 ரூபாய். சுவரில் ஒட்டியிருக்கிற கியூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டுப் போவார்கள், எந்த வீட்டில் எடுத்தார்கள் என்று கணக்கு இருக்கும். கழுவாத பால் கவரை நீட்டினேன், ‘சேச்சி, இது நாறும்’ என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார் ஒரு பெண். அதோடு கழுவப் பழகிவிட்டேன்.

ஈரக் குப்பை வீட்டோடு. ஆலப்புழையில் சர்வோதயபுரம் கிடங்கை அந்த ஊர்க்காரர்கள் மறித்து, 2012இல் அங்கே கொட்டுவது நின்றுபோன பிறகு நகரத்துக்குள்ளேயே காற்றோட்டமான உரப் பெட்டிகள் வைத்துச் சமாளித்தார்கள் என்பார்கள். எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லை. பக்கவாட்டில் ஓட்டை போட்ட இரண்டு பழைய பெயிண்ட் டிரம், அவ்வளவுதான். ஒரு கை காய்கறிக் கழிவு போட்டால் மேலே இரண்டு கை காய்ந்த இலை, இல்லாவிட்டால் தேங்காய் நார்த்தூள். ஆரம்பத்தில் ஒரு டம்ளர் புளித்த மோர் தெளித்தேன். நாறினால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் இலை போட்டுக் கிளறிவிட வேண்டும். வெள்ளைப் புழு வந்தால் பயப்படாதீர்கள், அது வேலை பார்க்கிற புழு. ஒரு டிரம் நிறைந்ததும் மூடி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததில் போட ஆரம்பிப்பேன். இரண்டு மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். மீன் கழிவு, எலும்பு போட வேண்டாம், பெருச்சாளி வரும்.

நம் வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி இந்த ஈரம்தான். அது வெளியே போகாவிட்டால் மிச்சத்துக்கு வண்டி தினமும் வர வேண்டிய அவசியமே இல்லை. வாரம் ஒரு நாள் மெயின் ரோடு வரை நடந்தால் போதும்.

---

முனைவீட்டுக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாடியில் இரண்டு டிரம் வைக்கலாம், இலைக்குப் பஞ்சமில்லை, பக்கத்து வீட்டு வாதாமரம் முழுக்க எங்கள் மாடியில்தான் கொட்டுகிறது. ஆனால் நான் உரம் போட்டால் என் வீட்டுக் குப்பை குறையும். சுவரோரம் கொட்டுவது என் வீட்டுக் குப்பை இல்லையே!

சூபர்வைசர் சார் சொன்ன பிறகு கேமராவை வேறு மாதிரிப் பார்த்தேன். முகத்தைத் தேடாமல் நேரத்தை மட்டும் பார்த்தேன். சந்துக்குள் இருப்பவர்கள் வீசுவது காலை ஏழரையிலிருந்து எட்டரைக்குள். ராத்திரி பத்து மணிக்கு மேல் வருவது எங்கள் தெருவே இல்லை. டீக்கடையிலிருந்து ஒரு பையன் கப்பு மூட்டையைக் கொண்டுவந்து வைக்கிறான். இன்னொருவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து கருப்புப் பை இறக்குகிறார். அவர் கோழிக்கடை என்று நாயின் உற்சாகத்திலேயே தெரிகிறது.

இதை வைத்துக்கொண்டு யாரிடம் போவது? கவுன்சிலரா, சுகாதார ஆய்வாளரா? அப்புறம், வீட்டில் ஒரு பழைய இலவம்பஞ்சு மெத்தை இருக்கிறது, வண்டிக்காரர் வாங்க மாட்டேன் என்கிறார். அதை என்ன செய்வது?

---

பழைய சூபர்வைசர் எழுதியது:

நேரத்தைப் பார்த்தீர்களே, அது நல்ல வேலை. இப்போது உங்கள் பிரச்சினை இரண்டாகப் பிரிந்துவிட்டது.

கடைக்காரர்கள் விஷயத்துக்கு சுகாதார ஆய்வாளர். வீடியோவோடு போங்கள். கடைகளுக்கு லைசென்ஸ் புதுப்பிக்க நகராட்சி வாசலுக்குத்தான் வர வேண்டும், அதனால் அவர் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள். ஆனால் கடையை மட்டும் மிரட்டினால் கோழிக்கடைக்காரர் அடுத்த முனைக்கு இடம் மாற்றிக்கொள்வார். ராத்திரி கடை மூடும் நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு வண்டி வருகிறதா என்று கேளுங்கள். பல ஊர்களில் வணிகக் குப்பைக்கு ராத்திரி வண்டி இருக்கும், சின்னக் கடைகள் அதன் பட்டியலிலேயே இருக்காது.

சந்துக்காரர்களுக்கு கவுன்சிலர். வண்டியை உள்ளே விடச் சொல்லாதீர்கள், நடக்காது. அதற்குப் பதில், காலை ஏழரைக்கு உங்கள் முனையில், அதே சுவர் பக்கத்தில், பத்து நிமிஷம் நிற்கச் சொல்லுங்கள். எங்கே குப்பை வீசுகிறார்களோ அங்கே வீசுகிற நேரத்தில் வண்டி நின்றால் வண்டிக்குள் விழும். நான் பார்த்த வரையில் கோலத்தைவிட இது வேலை செய்திருக்கிறது. உங்களுக்குத்தான் காலையில் பாட்டுத் தொல்லை. வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். பகுதி மக்களைக் கூட்டிக் குறை கேட்கிற பகுதி சபைக் கூட்டம் நடந்தால் அதில் எழுத்தில் கொடுத்து, தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். சந்துக்காரர்களின் கையெழுத்து பாதியாவது இருக்கட்டும்.

அப்படியும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் குப்பை அள்ளவில்லை?’ என்று கேட்காதீர்கள், அதற்கு ‘தினமும் அள்ளப்படுகிறது’ என்று ஒரு வரியில் பதில் வரும். உங்கள் தெரு எந்தப் பீட்டில் வருகிறது, அந்தப் பீட்டு ஊழியர்களின் போன மாத வருகைப் பதிவேடு, வண்டியின் ஜி.பி.எஸ். பதிவு, ஒப்பந்தத்தில் பணம் எந்தக் கணக்கில் தரப்படுகிறது என்ற பக்கத்தின் நகல், இவற்றைக் கேளுங்கள். மனு உள்ளே போன செய்தி தெரிந்ததுமே வண்டி சில நாள் ஒழுங்காக வரும். அந்தச் சில நாளில் கவுன்சிலரை இன்னொரு முறை பாருங்கள். வருகைப் பதிவேட்டில் அந்தக் கோலம் போடுகிற அம்மாவின் பேர் இருந்தால், அவர் மேல் மட்டும் பழி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பவர்கள் முதலில் கைகாட்டுவது அவர்களைத்தான்.

மெத்தை பேட்டரி வண்டியில் ஏறாது, ஏற்றினால் அன்றைக்கு வேறு எதுவும் ஏறாது. உங்கள் நகராட்சியில் பெரிய சாமான்களுக்குத் தனி லாரி வருகிற நாள் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இலவம்பஞ்சுதானே, பஞ்சு அடிக்கிறவரைக் கூப்பிட்டுத் தலையணையாகத் தைத்துக்கொள்ளுங்கள். எதைச் செய்தாலும் அதுவரை வெளியே மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒரு மழை பட்டால் தூக்க நாலு ஆள் வேண்டும், பக்கத்தில் இன்னொரு மெத்தையும் வந்து சேரும்.